டாஃப்ட் பங்க்: தாள இயந்திரத்தை விட்டு டிரம்மரிடம் போனதை ஏற்க முடியாத ரசிகன் கேட்கிறேன்

அரசலாற்றங்கரை (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் ஒரு மைக் செட் கடையின் மாடியில் இரவு நேரத்தில் கூடிப் பாட்டுக் கேட்கும் மூன்று நண்பர்களுள் நானும் ஒருவன். எங்களுக்குள் ஆறு மாதமாகத் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது.

பாரிஸைச் சேர்ந்த தோமா பங்கால்டர், கீ மானுவேல் ஆகிய இருவரும் டாஃப்ட் பங்க் என்ற பெயரில் 1997இல் வெளியிட்ட 'ஹோம்வொர்க்' ஆல்பத்தின் வழியாகத்தான் நான் மின்னணு இசைக்குள் வந்தேன். வீட்டு அறையில் தாள இயந்திரத்தையும் சில சிந்தசைசர்களையும் வைத்துக்கொண்டு உருவாக்கிய இசை அது. ஆல்பத்தின் பெயரே அதைத்தான் சொல்கிறது. அதே இருவர் 2013இல் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பத்துக்காகப் பெரிய ஸ்டுடியோக்களை எடுத்து, ஒமர் ஹக்கீம் போன்ற டிரம்மர்களையும் நைல் ராட்ஜர்ஸ் போன்ற கிட்டார் கலைஞர்களையும் வரவழைத்து வாசிக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. எனக்கோ அது வேறு யாரோ செய்த இசையைப் போலவே கேட்கிறது.

நண்பர்களுள் ஒருவர் கல்லூரி விழாவில் ஒலித்த 2013ஆம் ஆண்டுப் பாட்டைக் கேட்டு ரசிகரானவர். 'ஹோம்வொர்க்' ஆல்பத்தைப் போட்டால், அரிசி ஆலை ஓடுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது என்கிறார். இன்னொருவர் எங்கள் இருவர் பேச்சுக்கும் தலையாட்டிவிட்டு டீ வாங்கப் போய்விடுவார். நான் பழகிய ஒலியை விட மனமில்லாமல் பிடிவாதம் பிடிக்கிறேனா, அல்லது அந்த மாற்றத்தில் உண்மையிலேயே ஏதாவது போய்விட்டதா?

பழைய கேசட் (தஞ்சாவூர்):

முதலில் காலவரிசையைச் சரிசெய்துகொள்வோம். ரசிகர்கள் பிளவுபட்டது 2013இல் அல்ல; 2001இல் அவர்களின் இரண்டாவது ஆல்பமான 'டிஸ்கவரி' வந்தபோதே தொடங்கிவிட்டது. கிளப்புகளில் நான்கு தட்டுத் தாளத்துக்கு ஆடிப் பழகியவர்கள், பழைய டிஸ்கோ, ஃபங்க் இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளையும் இயந்திரக் குரலாக்கிய பாடல்களையும் கேட்டுவிட்டு, இது பாப் இசை அல்லவா என்று முகம் சுளித்தார்கள். இன்று அதே 'டிஸ்கவரி'யைப் 'பழைய டாஃப்ட் பங்க்' என்ற கணக்கில் சேர்த்துத்தான் பலர் 2013ஐத் திட்டுகிறார்கள். பங்கால்டரின் தந்தையே டிஸ்கோ காலத்துப் பாடலாசிரியர், தயாரிப்பாளர் என்பதை நினைவில் வைத்தால், மகன் அந்தத் திசையில் திரும்பியதில் வியக்க எதுவுமில்லை.

2005இல் வந்த 'ஹியூமன் ஆஃப்டர் ஆல்' இன்னும் சுவையான கதை. ஏறத்தாழ ஆறு வாரத்தில் முடித்த ஆல்பம். ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஓடுகிறது, சரக்கு தீர்ந்துவிட்டது என்றார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். 2006, 2007ஆம் ஆண்டுகளில் பிரமிடு வடிவ மேடையில் நின்று அந்தத் துணுக்குகளைப் பழைய பாடல்களோடு பின்னி வாசித்தபோது, முன்பு மொட்டையாகத் தெரிந்தவை அங்கே கூரைக்குத் தூண்களாக நின்றன. அந்த நேரடிப் பதிவைக் கேட்ட பிறகு என் பழைய வசையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

எனவே நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் குழுவின் 'அசல்' ஒலி என்று எண்ண வேண்டாம். நீங்கள் உள்ளே நுழைந்த வாசல் அது. உங்கள் நண்பருக்கு வேறு வாசல் வாய்த்தது, அவ்வளவே.

கடைமடை (கூத்தாநல்லூர்):

தஞ்சாவூர் நண்பர் சொன்ன வரலாறு சரி, முடிவு சரியில்லை. எல்லாவற்றையும் 'நுழைந்த வாசல்' என்று சொல்லிவிட்டால், இசையில் என்ன மாறியது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டிய வேலையே மிச்சமாகிவிடும்.

நான் டெபெஷ் மோட் என்ற இங்கிலாந்து மின்னணு இசைக் குழுவின் ரசிகன். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த கேசட்டில் தொடங்கியது. 1981இல் முதல் ஆல்பம் முடிந்தவுடனே பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய வின்ஸ் கிளார்க் விலகிப்போனார். மார்ட்டின் கோர் எழுதத் தொடங்கினார். துள்ளல் குறைந்து இருள் கூடியது. 1983இல் இரும்பைத் தட்டியும் உரசியும் பதிவுசெய்த ஓசைகளைச் சாம்ப்ளரில் (பதிவுசெய்த ஓசையைச் சுரங்களாக வாசிக்க உதவும் கருவி) ஏற்றி வாசித்தார்கள். 1993இல் வந்த ஆல்பத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் ஆலன் வைல்டர் தாமே டிரம்ஸ் முன் உட்கார்ந்தார், கிட்டார் முன்னுக்கு வந்தது, பாடகர் டேவ் கான் தலைமுடி வளர்த்துப் பச்சை குத்திக்கொண்டு ராக் பாடகரைப் போல வந்து நின்றார். எங்களைப் போன்ற பழைய ஆட்கள் அரண்டுபோனோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடத்தைப் பிடித்தது எங்களுக்கு ஆறுதலாக இல்லை.

ஆனால் ஊன்றிக் கேட்டபோது ஒன்று புரிந்தது. வைல்டர் கையால் வாசித்ததையும் பல இடங்களில் துண்டாக வெட்டிச் சாம்ப்ளரில் ஏற்றிச் சுழலவிட்டிருந்தார்கள். கருவிதான் மாறியிருந்தது, கட்டுகிற முறை மாறவில்லை. ஒரு துண்டைச் சுழலவிட்டு, அதன் மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, பிறகு ஒவ்வொன்றாக உருவிக்கொள்வதுதான் மின்னணு இசையின் கட்டுமானம். அதனால் அந்த ஆல்பம் இன்றும் எனக்கு டெபெஷ் மோட்தான்.

'ஹோம்வொர்க்' அந்தக் கட்டுமானத்தின் உச்சம். தாள இயந்திரத்தின் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் அச்சு. அது அசையாமல் நிற்பதால்தான், ஃபில்டரை (ஒலியின் சில பகுதிகளை மறைத்துக் காட்டும் கருவி) அரை நிமிடம் மெல்லத் திறந்துகொண்டே போகும்போது மற்ற எல்லாம் அசைவது நமக்குத் தெரிகிறது. 2013இல் அந்த முறையே மாறிவிட்டது. ஒமர் ஹக்கீம் இரண்டாவது சுற்றை முதல் சுற்றைப் போல வாசிக்க மாட்டார், வாசிக்கவும் கூடாது. ஆகவே அசைவு வாசிப்பவரின் கையிலிருந்து வருகிறது, ஃபில்டருக்கு வேலை இல்லை. அது தாழ்ந்த இசை என்று நான் சொல்லவில்லை. தம்பி தேடுகிற பொருள் அங்கே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். பிடிவாதம் என்று அவர் தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். 2023 நவம்பரில் அதே ஆல்பத்தை டிரம்ஸ் முழுவதையும் நீக்கி மறுபடி வெளியிட்டார்கள். அதைப் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சீவாளி (ஆடுதுறைப் பக்கம்):

மின்னணு இசையில் எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. தவில், நாகசுரக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் பாட்டனார் காலத்தில் வாசித்தது திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி அதிகம். அதில் சுத்த மத்தியமம் என்ற 'ம' சுரம் துளையில் நேராக விழாது. மூச்சாலும் உதட்டாலும் வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அந்தக் குறையைச் சொல்ல, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தைக் கூட்டித் துளைகளைத் திருத்திப் பாரி நாயனத்தைக் கடைந்து கொடுத்தார். பிள்ளையின் தோடி ராகத்தை உலகம் கேட்டது அந்தத் தாழ்ந்த சுருதியில்தான். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் என்பதும் அந்தக் கைவழிதான்.

ஆனால் என் பாட்டனார் கடைசி வரைக்கும் ஒப்பவில்லை. சாமி புறப்பாட்டில் திமிரி வாசித்தால் நான்காவது தெருவில் கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், பாரியோ கோயில் வாசலைத் தாண்டாது என்பார். வளைத்துப் பிடித்த மத்தியமத்தில் ஓர் ஏக்கம் இருந்தது, துளையைத் திருத்தியவுடன் அதுவும் போயிற்று என்பார். பாரியை வாசித்தவர்களைக் குறைத்துப் பேசியதில்லை. தனக்குப் போனது போனதுதான் என்பதில் உறுதியாக இருந்தார்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் ஒத்து ஊதுகிற, அதாவது பக்கத்தில் இருந்து சுருதியை மட்டும் விடாமல் ஊதுகிற ஆளின் இடத்தை மின்சாரச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. மனிதர் போய் இயந்திரம் வந்ததால் உயிர் போயிற்று என்று நாங்கள் அழுகிறோம். இங்கே இயந்திரம் போய் மனிதர் வந்ததால் உயிர் போயிற்று என்கிறீர்கள். படிக்கும்போது சிரிப்பு வந்தது, தவறாக எண்ண வேண்டாம்.

பழைய கேசட் (தஞ்சாவூர்):

சீவாளி அவர்களே, அருமை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பாரி வந்த பிறகு திமிரி வாசிப்பவர்கள் அருகிவிட்டார்கள். உங்கள் பாட்டனாருக்குப் போனது திரும்பக் கிடைக்கவில்லை. டாஃப்ட் பங்க் 2021 பிப்ரவரியில் கலைந்த பிறகும் 'ஹோம்வொர்க்' அப்படியே கையில் இருக்கிறது. பங்கால்டர் 2023இல் பாலே நடனத்துக்காக முழு ஆர்கெஸ்ட்ரா இசையே எழுதி வெளியிட்டார். அதற்கெல்லாம் துக்கம் கொண்டாட என்னால் ஆகாது. கூத்தாநல்லூர் நண்பர் கட்டுமானம் பற்றிச் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் அந்தக் கோணத்தில் கேட்டதில்லை.

அரசலாற்றங்கரை (கும்பகோணம்):

டிரம்ஸ் நீக்கிய பதிப்பை நேற்று இரவு கடையிலிருந்த பெரிய பாக்ஸில் போட்டுக் கேட்டோம். வியப்பாக இருக்கிறது, எனக்கு அது பிடித்துவிட்டது. டிரம்ஸ் இல்லாதபோது, கீபோர்டும் கிட்டாரும் ஒரே துணுக்கை எவ்வளவு பொறுமையாகச் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது முதல்முறையாகக் காதில் விழுந்தது. கடைமடை அண்ணன் சொன்ன பழைய முறை அடியில் கொஞ்சம் கிடக்கத்தான் செய்கிறது. மேலே டிரம்மர் வாசித்ததால் அது எனக்கு எட்டவில்லை போலும். அப்படியானால் எனக்கு அந்தக் குழுவோடு சண்டை இல்லை, ஒமர் ஹக்கீமோடுதான் சண்டை. அவ்வளவு பெரிய கலைஞரோடு சண்டை பிடிக்க எனக்கு என்ன தகுதி என்பது வேறு விஷயம்.

'அரிசி ஆலை' நண்பர் இரண்டாவது பாட்டிலேயே எழுந்துவிட்டார். தவில் வராத கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறதாம். மூன்றாமவர் வழக்கம்போல் டீ வாங்கப் போனார்.

சீவாளி அண்ணே, உங்கள் வீட்டில் திமிரியில் வாசித்த பழைய பதிவு ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். அந்த மத்தியமத்தைக் கேட்பதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடுதுறைக்கு வருகிறேன்.