மண்டபத்தில் எடுத்த படமும் அச்சில் வந்த புத்தகமும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரசிகர் மாநாடுகளில் காஸ்பிளே கலைஞர்களை, அதாவது கதை, திரைப் பாத்திரங்களைப் போல வேடமிட்டு வருபவர்களைப் படம் பிடித்து, சொந்தச் செலவில் புத்தகமாக அச்சிட்டவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். எந்த லென்ஸ், எந்த ஃபிளாஷ் என்று எழுதுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். முதலில் என் பங்கு.

கவசம் தரித்து நின்ற ஒரு பெண். தோள் முதல் கணுக்கால் வரை தேய்ந்துபோன இரும்பு என்றே தொலைவிலிருந்து தோன்றியது. அருகே போனால் எல்லாமே ஈவிஏ நுரைத் தகடு. கத்தியால் வெட்டி, சூடான காற்றில் வளைத்து, கறுப்பு வண்ணம் அடித்து, விளிம்புகளில் மட்டும் ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வெள்ளி நிறத்தைத் தேய்த்திருந்தார். சுற்றி நின்ற கேமராக்கள் எல்லாம் அவர் வாளை உயர்த்திய நிலையையே எடுத்துக்கொண்டிருந்தன. கூட்டம் கலைந்ததும் என்னிடம், “முன்பக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. முடிந்தால் முதுகை எடுங்கள், என் உழைப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது” என்றார்.

திரும்பி நின்றார். எலாஸ்டிக் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஒவ்வொரு கொக்கிக்குப் பக்கத்திலும் வெள்ளைப் பேனாவால் ‘இடது மேல்’, ‘வலது கீழ்’ என்று எழுதியிருந்தது. மாட்டிவிடும் தோழி அவசரத்தில் குழம்பாமல் இருப்பதற்காம். அந்த எழுத்துகள் தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தேன்.

புத்தகம் போடலாம் என்று முடிவானபோது, படத்தை மட்டும் அனுப்பாமல், பக்கம் எப்படி வரும், என்ன அளவு, விற்பனைக்கா இல்லையா, எந்தப் பெயரில் குறிப்பிடுவது என்பதையெல்லாம் சேர்த்து ஒவ்வொருவருக்கும் அனுப்பிக் கேட்டேன். கவசக்காரர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: தோழியின் பெயரும் வர வேண்டும். வந்தது.

என் தொகுப்பிலேயே சிறந்த படம் என்று நான் நினைத்ததற்கு மட்டும் மறுப்பு வந்தது. வேலை செய்யும் இடத்தில் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி யாருக்கும் தெரியாது என்றார் அந்தப் படத்தில் இருந்தவர். “இணையத்தில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். விற்றுப்போன புத்தகத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. படத்தை நீக்கினேன். மண்டபத்தில் நின்று கொடுத்தாரே, அதுவே எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று வாதிடுபவர்களோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

*

மறுமொழி

நான் கேமராவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள். ஒரு மாநாட்டில் விற்பனை மேசையில் கிடந்த படத்தொகுப்பைச் சும்மா புரட்டியபோது அதில் நானே இருந்தேன். நின்று கொடுத்த படமாக இருந்தால் கூட மனம் ஆறியிருக்கும். விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலையில் வலைத் தொப்பியோடு, வாய் நிறைய ரொட்டியோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் எடுத்தது. கீழே பாத்திரத்தின் பெயர் வேறு, அதுவும் தப்பாக.

மேசைக்காரர் கோபப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. “பொது இடம்தானே?” என்றார். பிறகு பெருந்தன்மையாக ஒரு பிரதியை இலவசமாக நீட்டினார்!

பொது இடத்தில் எடுப்பதும், எடுத்ததை விற்பதும் பல நாடுகளின் சட்டத்தில் வேறு வேறு விஷயங்கள். போதாக்குறைக்கு, மாநாட்டு மண்டபம் பெரும்பாலும் நுழைவுச்சீட்டும் நிபந்தனைகளும் உள்ள இடம். படத்தின் காப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கு, பாத்திரத்தின் உரிமை அதைப் படைத்தவருக்கு அல்லது நிறுவனத்துக்கு, முகம் என்னுடையது. மூன்றையும் அவர் ஒரே தோள்குலுக்கலில் முடித்துவிட்டார். 2014-இல் நியூயார்க் காமிக் கான் என்ற ரசிகர் மாநாடு, ‘காஸ்பிளே சம்மதம் ஆகாது’ என்று பெரிய பலகைகளே வைத்தது. தொடாதீர்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள் என்பதுதான் அதன் சாரம். இவ்வளவு எளிய விஷயத்துக்குப் பலகை தேவைப்பட்டிருக்கிறது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள் என்றேன். அங்கேதான் சிக்கல். நடுவில் கம்பி தைத்த புத்தகம் அது. ஒரு தாளைக் கிழித்தால் மடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாதியும் கழன்றுவிடும். அந்தப் பாதியில் வேறொருவர், முறையாக அனுமதி கொடுத்து, சிறகு விரித்து அழகாக நிற்கிறார். கடைசியில் மிச்சமிருந்த பிரதிகளில் எல்லாம் என் முகத்தின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டினார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே விற்றவை விற்றவைதான்.

*

மறுமொழி

மடிப்பைப் பற்றி எழுதியதால் அச்சுப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். கம்பி தைக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் வரும். ஒருவர் கடைசி நேரத்தில் மறுத்தால் அந்த இடத்தை நிரப்ப வேறு படம் வேண்டும். அதனால் அனுமதி வாங்கிய படங்களில் சிலவற்றைக் கூடுதலாகக் கையிருப்பில் வைத்துக்கொள்வேன்.

என் முதல் மாதிரிப் பிரதியைப் பார்த்து ஒரு காஸ்பிளே நண்பர் அழாத குறை. திரையில் மின்னிய பச்சை விக், தாளில் வாடிய கீரை நிறத்தில் இருந்தது. திரை ஒளியால் காட்டும் எல்லா நிறத்தையும் நான்கு மைகளால் கொண்டுவர முடியாது. பளீரென்ற பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு மூன்றும்தான் முதலில் சாகும். காஸ்பிளேயில் அதிகம் வருகிற விக் நிறங்களும் அவையே! அச்சில் நிறங்கள் எப்படி வரும் என்பதைத் திரையில் காட்ட உதவும் கணினிக் கோப்பை (கலர் ப்ரொஃபைல்) அச்சகத்திடம் கேட்டு வாங்கி, திரையிலேயே அந்த நிறத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள். எந்தத் தாளில் புத்தகம் வரப்போகிறதோ அதே தாளில் ஒரு மாதிரியும் கேளுங்கள்.

இன்னொன்று, ‘என் பக்கத்தில் போட்ட படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சிலர் பெருமனதோடு சொல்வார்கள். சமூக ஊடகத்திலிருந்து இறக்கிய 1080 பிக்சல் அகலப் படம், அச்சுக்கு வழக்கமான 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் ஒன்பது சென்டிமீட்டர்தான் வரும். ஏ4 முழுப்பக்கத்துக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். மூலக் கோப்பைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

*

மறுமொழி

ஜப்பானில் காமிகெட்டுக்குப் போனவன் நான். 1975 முதல் நடக்கிற, சொந்தமாக அச்சிட்ட நூல்களுக்கான சந்தை அது. இப்போது டோக்கியோ பிக் சைட் மண்டபத்தில். காஸ்பிளே படத்தொகுப்புகளுக்கும் அங்கே மேசைகள் உண்டு, பெரும்பாலும் காஸ்பிளே செய்தவரே தன் தொகுப்பைத் தானே விற்கிறார். வேடம் போட்டுக்கொண்டு வரவும் கூடாது, வேடத்தோடு வீடு திரும்பவும் கூடாது. உடை மாற்ற அங்கேயே தனி இடம்.

படம் எடுக்க வரிசை. என் முறை வந்ததும் தலை வணங்கி, எடுத்து, மறுபடி தலை வணங்கி நகர்ந்தேன். வரிசை தாங்காத கூட்டம் சேர்ந்தால் எல்லாரும் வட்டமாகச் சூழ்ந்து நிற்கிறார்கள். ஒருவர் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்குகிறார், எண்ணி முடித்ததும் கேமராக்கள் தாழ்கின்றன. அந்த ஒழுங்கைப் பார்த்து வியந்தேன் என்பது உண்மை. ஆனால் பத்து விநாடியில் முதுகை எடுக்கச் சொல்லும் பேச்செல்லாம் நடக்காது என்பதும் உண்மை.

*

மறுமொழி

தொடங்கியவரிடம் ஒரு கேள்வி: மாநாடு முடிந்து இத்தனை பேரையும் எப்படித் தேடிப் பிடிக்கிறீர்கள்? என்னிடம் பெயர் தெரியாத முகங்கள் ஏராளம்.

*

தொடங்கியவர்

பலர் தங்கள் கணக்கின் பெயர் அச்சிட்ட சிறு அட்டை வைத்திருப்பார்கள். அவர்களை எடுத்து முடித்ததும் அட்டையைக் கையில் பிடிக்கச் சொல்லி கடைசியாக அதையும் ஒரு படம் எடுத்துவிடுவேன். கோப்பு வரிசையில் ஆள், ஆள், ஆள், அட்டை என்று வரும். எங்கே ஒருவர் முடிந்து அடுத்தவர் தொடங்குகிறார் என்பதில் குழப்பமே இல்லை. அட்டை இல்லாதவர்களிடம் கைப்பேசித் திரையைக் காட்டச் சொல்லலாம். பதில் வராதவர்களின் படம் புத்தகத்துக்குப் போவதில்லை.

எனக்கு இன்னும் தீராதது குழுப்படம். ஒரே கதையின் பாத்திரங்களாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து நிற்கும்போது ஒருவர் மட்டும் மறுத்தால்? முகத்தை மங்கலாக்கினால் குற்றவாளியைப் போல் தெரிகிறது. வெட்டினால் பக்கத்தில் நிற்பவரின் வாள் பாதியில் நிற்கிறது. இப்போதெல்லாம் குழுவை எடுத்த கையோடு, இரண்டிரண்டு பேராகவும் நிற்கச் சொல்கிறேன். வேறு வழி கண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.