சஸ்பென்ஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? – 1965 மஸ்டாங்கை முன்வைத்து

குழுவினருக்கு வணக்கம்.

1960களின் அமெரிக்க மசில் கார்களை (பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்கள்) புதுப்பித்து மேம்படுத்துவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். எடுத்துக்கொண்ட முதல் வண்டி 1965, 1966 ஃபோர்டு மஸ்டாங். (அதைப் போனி கார் என்றுதான் அமெரிக்கர்கள் தனியே பிரிப்பார்கள். கையேட்டில் வரும் வேலை இரண்டு வகைக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.) எஞ்சின், பிரேக் பகுதிகளை எழுதி முடித்துவிட்டேன். சக்கரங்களை வண்டியோடு பிடித்து, குலுக்கலைக் குறைக்கும் சஸ்பென்ஷன் பற்றிய அத்தியாயம் மட்டும் நகர மறுக்கிறது.

இயந்திர மொழிபெயர்ப்பு 'இடைநீக்கம்' என்று தருகிறது. அது அலுவலகத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது, காருக்கு ஒட்டாது. பட்டறையில் சொல்வது போல 'சஸ்பென்ஷன்' என்றே எழுதிவிடலாம்தான். ஆனால் அதோடு சேர்ந்து கன்ட்ரோல் ஆர்ம், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர், ஆன்டி ரோல் பார், கேம்பர், காஸ்டர் என்று ஒரே பத்தியில் வரிசையாக வருகின்றன. எது எதைப் பிடித்திருக்கிறது என்பது புதிதாகப் படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. நல்ல வேர்ச்சொல் ஒன்று அமைந்தால் மற்றவை அதிலிருந்து கிளைத்துவரும். குழுவில் பெரியவர்கள் யோசனை சொல்ல வேண்டும்.

*

> நல்ல வேர்ச்சொல் ஒன்று அமைந்தால்

தம்பி, 'தொங்கல்' இருக்கிறதே. தொங்குபாலம் என்று எல்லோரும் சொல்கிறோம், வேதியியலிலும் அந்தச் சொல் உண்டு. 'தொங்கலமைப்பு' என்று வைத்துக்கொண்டால் ஆங்கிலச் சொல்லின் பொருளும் கெடாது.

*

ஐயாவின் கருத்தை மதித்தே மறுக்கிறேன்.

ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில் பயணிகள் உட்காரும் பெட்டியைத் தோல்வார்களில் உண்மையாகவே தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வண்டிக்கு அந்தப் பெயர் சரி. பிறகு வார் போய் எஃகு வில் வந்தது, பெட்டி வில்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மஸ்டாங்கில் எதுவும் தொங்கவில்லை. அவர்களுடைய பழக்கத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நம்மிடம் வில்வண்டி இருந்தது. அச்சுக்கு மேல் எஃகுப் பட்டைகளை வில்லாக அடுக்கிய மாட்டு வண்டி. குலுங்காமல் போக உதவிய பொருளைப் பார்த்தே மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். லாரிப் பட்டறையிலும் இன்று 'பட்டை' என்றுதான் பேச்சு. ஆகவே என் முன்மொழிவு: 'வில்லமைப்பு'. சுருள்வில், பட்டைவில், கிரைஸ்லர் வண்டிகளின் முன்பக்கத்தில் வரும் முறுக்குவில், பேருந்துகளின் காற்றுவில் எல்லாம் அதற்குள் அடங்கும்.

*

ஐயா, 'வில்லமைப்பு' காதுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் என் அத்தியாயத்தின் மையமான வேலையை அது வெளியே விட்டுவிடுகிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மஸ்டாங்கின் முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பவை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கைகள் (கன்ட்ரோல் ஆர்ம்). மேல்கை குட்டை, கீழ்க்கை நீளம். சுருள்வில் மேல்கையின் மீது உட்கார்ந்து, எஞ்சின் அறையின் இரு பக்கமும் நிற்கும் தகட்டுக் கோபுரத்தின் உச்சியை முட்டுகிறது. மேல்கையின் உள்முனை அந்தக் கோபுரத்தின் சுவரில் 2 போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கிறது.

வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சரிகிறது, வெளிச்சக்கரம் மேல்நோக்கி அமுங்குகிறது. ஃபோர்டு தொழிற்சாலை விட்ட அமைப்பில் மேல்கையின் உள்முனை உயரத்தில் இருக்கிறது, கை வெளிப்பக்கம் இறங்கிச் சரிந்து நிற்கிறது. சக்கரம் ஏற ஏற அந்தக் கை கிடைமட்டத்தை நோக்கி வரும். அதனால் வெளிமுனை வெளியே தள்ளப்படும், சக்கரத்தின் தலையும் வெளியே சாயும். டயர் தன் வெளியோரத்தில் நிற்கிறது. பிடிப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் பிடிப்பு குறைந்து, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டியின் மூக்கு நேரே போகப் பார்க்கும்.

இதற்கான தீர்வு கிளாஸ் ஆர்னிங் என்ற ஃபோர்டு பொறியாளரின் கணக்கிலிருந்து வந்தது. மேல்கையின் உள்முனையை 1 அங்குலம் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தய ஓட்டுநராக இருந்து கார் கட்டுபவராக மாறிய கரோல் ஷெல்பியின் பட்டறை, மஸ்டாங்கை மாற்றியமைத்து உருவாக்கிய 1965 ஜிடி350 வண்டிகளில் அதைச் செய்தது. கோபுரத்தில் பக்கத்துக்கு 2 துளை, மொத்தம் 4. அதே கையை அந்தப் புதிய துளைகளில் பூட்டிவிட்டால், சக்கரம் மேலேறும்போது வெளிமுனை உள்ளே இழுக்கப்படுகிறது; சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது; உடல் சரிந்தாலும் டயர் அகலமாகத் தரையைப் பிடிக்கிறது. 1966 வண்டிகள் பலவற்றில் செலவைக் குறைக்க இதைக் கைவிட்டார்கள். இன்றைக்கும் பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்கள் முதலில் செய்யும் மேம்பாடுகளில் இது ஒன்று. வில்லை அமுக்கும் கருவியும், ஒரு துளைப்பானும், துளையிட வேண்டிய இடத்தைக் காட்டும் சரியான அளவு வார்ப்புருவும் (டெம்ப்ளேட்) போதும் என்பதால், இதைவிட மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை அந்த வண்டியில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வேலையில் வில்லை மாற்றுவதே இல்லை. 'வில்லமைப்பை மேம்படுத்துதல்' என்று தலைப்பு வைத்துவிட்டு, அதே பழைய வில்லைத் திரும்ப மாட்டச் சொன்னால் வாசகர் குழம்பிப்போவார். எடையைச் சுமப்பது ஒரு வேலை, சக்கரம் எந்தப் பாதையில் ஏறி இறங்க வேண்டும் என்று வழிகாட்டுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் பொருந்தும் சொல் வேண்டும்.

*

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே மஸ்டாங்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பட்டைவில்தான் எடையையும் சுமக்கிறது, அச்சையும் பிடித்துக்கொள்கிறது. ஒரே பொருள் இரண்டு வேலையும் பார்ப்பதால்தான் தொல்லையும் வருகிறது: ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் பட்டை பாம்பு போல் நெளிந்து அச்சு சுழலப் பார்க்கும், சக்கரம் தத்தும். அதை அடக்கத்தான் ஷெல்பி அச்சுக்கு மேல் தனியாக இழுவைத் தண்டுகள் போட்டார். ஆக வில்லுக்கு அந்த அமைப்பில் உள்ள இடத்தைக் குறைத்துவிடாதீர்கள். மொத்தப் பெயருக்கு வேறு சொல் வந்தாலும் சுருள்வில், பட்டைவில் இரண்டும் அப்படியே நிற்கட்டும்.

*

வணக்கம். நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனப் பாடம் நடத்துகிறேன். விவாதத்தைப் படித்ததும் முதலில் 'தாங்கு' என்ற வினைதான் மனத்தில் வந்தது. ஆனால் பேரிங்குக்குத் 'தாங்கி' என்று பாடநூல்களில் ஊன்றிவிட்டது. சக்கரத் தாங்கி, சக்கரத் தாங்கமைவு என்று பக்கத்தில் பக்கத்தில் வந்தால் என் மாணவர்கள் ஒன்றுக்கு மற்றொன்றைக் கழற்றிவிடுவார்கள்.

ஆகவே 'ஏந்து'. குழந்தையை ஏந்துகிற கை எடையையும் சுமக்கும், நழுவாமல் பிடித்தும் கொள்ளும். தம்பி கேட்ட இரண்டு வேலையும் இந்த ஒரு வினையில் இருக்கின்றன. 'ஏந்தமைவு' என்பது என் முன்மொழிவு. கன்ட்ரோல் ஆர்முக்கு 'ஏந்துகை': மேல் ஏந்துகை, கீழ் ஏந்துகை. ஒவ்வொரு சக்கரமும் தனியே அசைந்தால் தனி ஏந்தமைவு.

ஊர்ப் பெயர்களில் ஏந்தல் என்றால் ஏரி என்று யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தாங்கலும் அப்படித்தான், வேடந்தாங்கல் நமக்கெல்லாம் தெரியும். நீரைத் தேக்கிப் பிடிப்பதால் வந்த பெயர்கள் இரண்டும். 'அமைவு' சேரும்போது அந்தக் குழப்பம் வராது.

இன்னொன்று, ஷாக் அப்சார்பருக்கு 'அதிர்வேற்பி' என்று எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள். பள்ளத்தின் அடியை ஏற்பது வில். ஏற்றுக்கொண்ட வில் அதன் பிறகு ஆடிக்கொண்டே இருக்காமல், எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்கி அந்த ஆட்டத்தைத் தணிப்பதுதான் இந்தக் குழலின் வேலை. 'ஆட்டத்தணிப்பி' என்று சொல்லுங்கள். பெயரே பாடம் நடத்திவிடும்.

*

ஐயா, மிக்க நன்றி. 'ஏந்துகை' வந்ததும் என் அத்தியாயத்தில் பாதி தானாகச் சரியாகிவிட்டது. கேம்பருக்குச் 'சக்கரச் சாய்வு' என்றும், வளைவில் வண்டி சாய்வதற்கு 'உடற்சரிவு' என்றும் பிரித்து வைத்துக்கொண்டேன். சாய்வும் சரிவும் கலக்கக் கூடாது என்பதற்காக. போட்டுப் பார்த்த பத்தி இது, திருத்துங்கள்:

"மேல் ஏந்துகையைக் கழற்றும் முன் சுருள்வில்லை அமுக்கிக் கட்டிவிடுங்கள். அமுங்கிய வில் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. இந்தப் படியில் அவசரம் கூடாது. பழைய துளைகளுக்குக் கீழே வார்ப்புருவை வைத்து 1 அங்குலம் இறக்கிப் புதுத் துளை போடுங்கள். அதற்கு மேல் இறக்க ஆசைப்பட்டால் பந்துமூட்டு (பால் ஜாயின்ட், ஏந்துகையின் வெளிமுனையைச் சக்கரப் பகுதியோடு சேர்ப்பது) தன் அசைவின் எல்லையில் போய் இறுகிக்கொள்ளும். பூட்டி முடித்ததும் சக்கரச் சாய்வை மறுபடி அளந்து சரிசெய்யாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். ஆட்டத்தணிப்பிகள் பழையவை என்றால் இதே சமயத்தில் மாற்றிவிடுவது நல்லது. ஷெல்பி வண்டிகளில் கோனி தணிப்பிகள் இருந்தன."

ஆன்டி ரோல் பாருக்கு 'சரிவுத்தடுப்புத் தண்டு' நீளமாக இருக்கிறது. அது சரிவை முழுக்கத் தடுப்பதும் இல்லை, குறைக்கத்தான் செய்கிறது. 'சரிவடக்கி' போதுமா?

*

'சரிவடக்கி' நன்றாக இருக்கிறது தம்பி. வகுப்பில் அடுத்த பாடத்திலேயே சொல்லிப் பார்க்கிறேன். காஸ்டருக்கு மட்டும் தனி இழை தொடங்குங்கள். ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்வதைப் பேச ஆரம்பித்தால் இந்த இழை தாங்காது.