பிஎஸ்ஆர்–பிஎஃப்ஆர் மாடல்: டேக்-ஆஃப் நாக்ஸ் அடிமட்டம், ஐடில் சிஓ எகிறுகிறது

சுடர்_35:
ஜெட் எஞ்சின் எரியறையின் மாசு வெளியீட்டைக் கணக்கிட ஒரு மாடல்: கான்டெராவில் (வேதிவினைக் கணிப்பு மென்பொருள்) ஒரு பிஎஸ்ஆர் (எல்லாம் முழுதாகக் கலந்து எரியும் உலை), பின்னால் ஒரு பிஎஃப்ஆர் (வாயு முன்பின் கலக்காமல் குழாயில் நகரும் உலை). எரிபொருள் எடையில் 80% என்-டெக்கேன், 20% ட்ரைமெத்தில்பென்சீன். டேக்-ஆஃப்: 30 பார், 820 கெல்வின், மொத்த எரிபொருள்–காற்று விகிதம் 0.025. ஐடில் (தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை): 4 பார், 450 கெல்வின், 0.012. காற்றில் 25% பிஎஸ்ஆருக்கு. மீதி 75% பிஎஃப்ஆர் வாசலிலேயே கலக்கிறது. டேக்-ஆஃப் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடுகள்) கிலோ எரிபொருளுக்கு 2 கிராமைத் தாண்டவில்லை, ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) எஞ்சின் மாசு டேட்டாபேங்கில் 28. ஐடில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) 60 கிராம், அங்கே 20. மெக்கானிசத்தை (வேதிவினைப் பட்டியல்) மாற்ற வேண்டுமா?

அனல்காற்று:
மெக்கானிசத்தைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் அந்த 75% காற்றுதான்.

முழு எரிதலுக்கான எரிபொருள்–காற்று விகிதம் 0.068. டேக்-ஆஃபில் உங்கள் பிஎஸ்ஆரில் எரிபொருள் செறிவு அதன் 1.47 மடங்கு. அங்கே நாக்ஸ் உருவாகவே ஆக்சிஜன் போதாது. அது பிறக்க வேண்டிய இடம், காற்று 37% ஆகி அந்த மடங்கு 1-ஐத் தொட்டு, 46% வாக்கில் 0.8-க்கு இறங்கும் வழி. நீங்கள் ஒரே தாவலில் 0.37-க்குப் போய்விடுகிறீர்கள், அந்தச் சூட்டில் வாயு ஒரு கணமும் தங்குவதில்லை. ஐடிலிலோ அதே தாவல் வாயுவை 900 கெல்வின் அருகே குளிர்விக்கிறது, சிஓ எரியாமல் உறைந்துவிடுகிறது.

காற்றைத் துண்டு துண்டாக விடுங்கள். 25–46% பகுதிக்கு மட்டும் பத்துத் துண்டு, மிச்சத்துக்கு நாலைந்து போதும். துண்டுகளை இரட்டிப்பாக்கினாலும் நாக்ஸ் 2 சதவீதத்துக்குமேல் அசையக் கூடாது. பிஎஸ்ஆரைச் சமநிலைச் சூட்டு வாயுவோடு தொடங்குங்கள். குளிர்ந்த நிலையில் தொடங்கினால் தீப்பற்றாமலே கணக்கு ‘கன்வர்ஜ்’ ஆகிவிடும் (தீர்வு கிடைத்ததாகக் காட்டிவிடும்).

அளவுகோல்:
ஒப்பீட்டிலும் இரண்டு ஓட்டை. டேட்டாபேங்க் நாக்ஸை நைட்ரஜன் டையாக்சைடு எடையாகக் கணக்கிடுகிறது. நீங்கள் நைட்ரிக் ஆக்சைடு எடையை அப்படியே எடுத்திருந்தால் 46/30, அதாவது 1.53-ஆல் பெருக்குங்கள். அதோடு, அந்த எண்கள் கிலோ உலர் காற்றுக்கு 0.00634 கிலோ ஈரப்பதத்துக்குத் திருத்தப்பட்டவை. முழு உலர் காற்றில் ஓட்டினால் நாக்ஸ் ஏறக்குறைய 13% கூடுதலாகக் காட்டும்.

சுடர்_35:
துண்டாக்கியதும் நாக்ஸ் 19, 1.53 போட்டால் 29. ஆனால் ஐடில் சிஓ இப்போது 2-தான்!

அனல்காற்று:
எதிர்பார்த்ததுதான். லைனர் (எரியறையின் உள்தகடு) சுவரை ஒட்டிப் போகும் குளிர்படலக் காற்று மாடலில் இல்லை. பிஎஸ்ஆர் வெளியீட்டில் 5–10% பிரித்து, 450 கெல்வின் படலக் காற்றோடு தனி பிஎஃப்ஆரில் ஓட்டி, கடைசியில் சேருங்கள். பிஎஸ்ஆரையும் ஒன்றாக வைக்காமல், செறிவு கூடக்குறைய ஏழெட்டாகப் பக்கவாட்டில் பிரியுங்கள். எரிபொருள் கூட்டுத்தொகை மாறாமல் பாருங்கள், பலரும் சறுக்குவது அங்கேதான். இந்த மாடலின் புகைக்கரி எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

அளவுகோல்:
படலப் பங்கையும் கலப்புப் பரவலையும் 7% (ஐடில்), 100% (டேக்-ஆஃப்) உந்துவிசையில் மட்டும் சரிசெய்யுங்கள். 30%, 85% புள்ளிகளைச் சோதனைக்கு விட்டு வையுங்கள்.