கல்லை வரையும்போது வந்து மாட்டிய ஆட்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பசவனகுடி பேனாக்காரன்

பெங்களூர் லால்பாக் பூங்காப் பாறையை எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கெம்பே கௌடா கோபுரத்துக்குக் கீழே சரிவில் உட்கார்ந்து 005 மைக்ரான் பேனாவால் பாறையை வரி வரியாக இழுத்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வரி பயோடைட் என்ற கனிமம், அங்கே கோடு நெருக்கம். வெள்ளை வரி குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர் கனிமங்கள், அங்கே வெறும் காகிதம். எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை நரம்பு போனது. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். வரிகளின் வளைவை அது கெடுக்கிறது என்பது என் அபிப்பிராயம், இன்றைக்கும் அதுதான்.

வாக்கிங் வந்த ஒரு பெரியவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். கன்னடத்தில் ஆரம்பித்தவர், நான் தடுமாறியதும் தமிழுக்கு மாறினார். "ஏம்ப்பா, இங்க கடைசியா வந்து சேர்ந்தது அந்த நரம்புதான். மத்ததை வெட்டிட்டுப் போகுதுல்ல? அதை விட்டுட்டா எது முன்ன, எது பின்னன்னு யாருக்குத் தெரியும்?"

"இது படம்தான் சார், சர்வே இல்லை" என்றேன்.

"அப்ப எதுக்கு வெயில்ல வந்து உக்காந்திருக்க? வீட்லயே வளைச்சு வளைச்சுப் போட்டிருக்கலாமே." தொப்பியைச் சரிசெய்துகொண்டு போயே போய்விட்டார்.

1916-இல் புவியியலாளர் ஸ்மீத் இந்த வரி வரியான பாறைக்கு 'பெனின்சுலர் நைஸ்' என்று பெயர் வைத்தது, சுமார் 300 கோடி ஆண்டுகள் என்பதெல்லாம் தெரிந்துதான் அங்கே உட்கார்கிறேன். படத்துக்கு ஃபிரேமும் போட்டாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த நரம்பு இல்லாத இடத்துக்குத்தான் கண் போகிறது. உங்களை இப்படி யாராவது படுத்தியிருக்கிறார்களா?

மடிவாளா மல்லிகா

எனக்கு பெங்களூருக்குப் பக்கத்தில் ஜிகணியில், ஒரு கல் யார்டில். அக்கா வீட்டு அடுப்படி மேடைக்குக் கல் பார்க்கப் போனோம். அக்கா விலை பேசிக்கொண்டிருக்க, நான் பின்பக்கம் நழுவினேன். பாரடிசோ என்ற சுழி போட்ட கிரானைட் ஸ்லாப்கள், இன்னும் பாலிஷ் போடாதவை, சாம்பல் பூத்த மாதிரி நின்றன. அங்கே வேலை செய்த அண்ணன் ஒருவர் கிருஷ்ணகிரிக்காரர். நோட்டைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஹோஸ் பைப்பை எடுத்து மேலிருந்து தண்ணீர் விட்டார். அப்பா! ஊதாவும் ரோஸும் கறுப்புமாக அந்தச் சுழி மொத்தமும் ஒரே நொடியில் எழுந்து வந்தது. அவசர அவசரமாக வரைந்தேன். வெயிலில் மேல்பக்கத்திலிருந்து காய்ந்து மறைந்துகொண்டே வருகிறது, அவர் திரும்பத் திரும்ப நனைக்கிறார்.

அது இல்லை விஷயம். நான் முடித்ததும் அவர், "இதுக்கு அடுத்ததையும் பாருங்க" என்று பக்கத்து ஸ்லாபை நனைத்தார். ஒரே பிளாக்கில் அடுத்தடுத்து அறுத்தவை. அதே சுழிதான், ஆனால் கொஞ்சம் நகர்ந்திருந்தது. முதல் ஸ்லாபில் கண் போல மூடியிருந்த வளையம் இதில் வாய் திறந்து ஓரத்துக்கு ஓடிவிட்டது. நடுவில் இருந்தது இரண்டு சென்டிமீட்டர் கல். "இதுல எதும்மா நெஜமான டிசைனு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பதில் சொல்வதற்குள் அக்கா கூப்பிட்டுவிட்டாள். அதற்கப்புறம் எந்தக் கல்லைப் பார்த்தாலும் அதன் உள்ளே அடுத்த ஏடு எப்படி இருக்கும் என்றுதான் புத்தி போகிறது.

அக்கா கடைசியில் பிளாக் கேலக்ஸி என்ற கறுப்புக் கல்லை எடுத்தாள். அதை வரையவே முடியாது, வெறும் புள்ளி.

அகேட் ஆறுமுகம்

பேனாக்கார அண்ணா, அந்தப் பெரியவருக்கு ஜியாலஜி தெரியும், படம் தெரியாது. விட்டுவிடுவதும் வரைகிறவர் உரிமைதான். ஆனால் அகேட் என்ற வரிக்கல்லில் இந்தக் கதை நடக்காது. அங்கே வரிகள் பாறைக் குழிக்குள் சுவரிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாகப் படிந்தவை. நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டால் அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் பொய். அதனால் நான் எப்போதும் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி உள்ளே போவேன். மல்லிகா சொன்ன வளையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது கல் இளகி மடிந்தது.

என் அனுபவம் பெங்களூர் ஓவியச் சந்தையான சித்திரச் சந்தையில், குமாரகிருபா ரோட்டில். கென் ஆற்று அகேட் ஒன்றைப் பார்த்துப் புள்ளியாலேயே போட்ட படம். உள்ளே செடி கிளைத்திருப்பதுபோல் தெரியும். ஒரு அம்மா வாங்குவதாகப் பணத்தையே எடுத்துவிட்டார். "எத்தனை லட்சம் வருஷத்துச் செடிப்பா?" என்றார். "செடி இல்லைங்கம்மா, மாங்கனீசு ஆக்சைடு, விரிசலில் ஊடுருவி இப்படிப் பரவும்" என்றேன். பணம் திரும்பப் பைக்குள் போனது. "செடின்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு என் மனைவி இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறாள்.

ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன், ஜெயநகர்

எனக்கு நடந்தது சின்னது. எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் ஓரத்தில் ராஜஸ்தான் பிதாசர் பச்சைக் கல், அதை வரைந்துகொண்டிருந்தேன். விரிசல் கணக்கெடுக்க வந்த இன்ஜினியர் என்று நினைத்து அசோசியேஷன் செயலாளர் காபி வாங்கிக் கொடுத்தார். நானும் மறுக்கவில்லை.

ஆனால் தம்பி, 005 என்றால் 0.20 மி.மீ. கோடு. நைஸுக்கு அது மட்டும் போதாது. கறுப்பு வரிக்கு 01-உம் வைத்துக்கொள், அது 0.25. சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் இழுத்தால் முனை சீக்கிரம் தேய்ந்துவிடும், வழவழப்பான பிரிஸ்டல் அட்டை வாங்கு. அழுத்தாதே. கோட்டின் திசையைக் கவனி: பயோடைட் செதில்கள் வரியோடு ஒத்துப் படுத்திருக்கும், அதனால் கோடும் வரியோடு ஓடவேண்டும், குறுக்கே போனால் கல் துணியாகிவிடும். குவார்ட்ஸுக்குக் கோடே வேண்டாம், அங்கங்கே புள்ளி. குறுக்கே வெட்டும் நரம்பு இருந்தால் அதன் இரண்டு ஓரத்தையும் முதலில் பென்சிலில் போட்டுவிடு, அப்புறம் வரிகளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்து. மலக்கைட் என்ற பச்சை வளையக் கல்லைப் போடுகிறவர்களுக்கும் ஒன்று: இரண்டு வளையக் கூட்டம் சந்திக்கும் இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று தாண்டாது, மூலையாக முட்டி நிற்கும். இதைக் கோட்டைவிட்டால் படம் வெங்காயம் மாதிரி ஆகிவிடும். மதிய வெயிலில் உட்காராதே, வரியே தெரியாது. கையில் ஒரு ஸ்ப்ரே பாட்டில்…

பசவனகுடி பேனாக்காரன்

ஐயா, பேனாவைப் பற்றி யாருமே கேட்கவில்லையே! ஸ்ப்ரே பாட்டில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆறுமுகம், விட்டுவிடுவது உரிமை என்றால் மாங்கனீசைச் செடி என்று சொல்லி விற்பதும் உரிமைதானே?

மல்லிகா, அந்த யார்டில் சனிக்கிழமை உள்ளே விடுவார்களா?

மடிவாளா மல்லிகா

விடுவார்கள். கல் வாங்க வந்த முகத்தோடு போங்கள். கூடவே விலை பேச ஒரு ஆள் வேண்டும், என் அக்காவை அனுப்புகிறேன்.