மறு: பாலிடிப்சியா – பெருவிடாயா, நீர்வேட்கையா, தண்ணித் தவிப்பா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நீரிழிவுக் கைப்பிரதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பாலிடிப்சியா', அதாவது அளவுக்கு மீறிய தாகம், வரும் இடம் மட்டும் தமிழ்ச்சொல் முடிவாகாமல் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

'தாகம்' எரிதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது, 'பெருவிடாய்' என்றே போடுங்கள் என்கிறார் தக்கலை அண்ணாச்சி. விடாய் அருமையான சொல்தான். வைணவ உரைகளில் உண்டு, ஈழத்தில் பேச்சிலும் உண்டு. ஆனால் அண்ணாச்சி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் 'பெருவிடாய் உண்டா' என்று கேட்டால், அவள் மாதவிடாய்க் கணக்கைத்தான் சொல்வாள்.

'நீர்வேட்கை' மனசுக்குப் பிடித்த சொல். கலித்தொகையில் அந்தக் கள்வன் மகன் 'உண்ணுநீர் வேட்டேன்' என்று வாசலில் வந்து நிற்கிறானே! சித்த மருத்துவமும் பதினான்கு வேகங்களில் (உடம்பின் இயல்பான உந்துதல்களில்) ஒன்றாக நீர்வேட்கையைச் சொல்கிறது. தொல்காப்பியர் களவியலில் சொல்லும் வேட்கை காதல் அல்லவா என்று மார்த்தாண்டம் அக்கா மறுத்திருந்தார். முன்னால் 'நீர்' நின்ற பிறகு அந்த மயக்கத்துக்கு இடமில்லை, அக்கா. என் தயக்கம் வேறு: அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், 'அது என்ன மக்கா?' என்றாள்.

அதனால் நான் 'தண்ணித் தவிப்பு' பக்கம். எங்கள் பக்கம் 'தண்ணி தவிக்கு' என்றுதான் பேச்சு. பனையடியில் அக்கானி (பதநீர்) வாங்கிக் குடிப்பவர் 'தாகம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுப்பது எந்த ஊர்க்காரருக்கும் புரியும். 'தவ்வென்னும் தன்மை இழந்து' (குறள் 1144) என்ற இடத்தில் 'தவ்' சுருங்குதலைக் குறிக்கிறது. தவிப்பும் அதே வேராக இருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். நாக்கு சுருங்குவதுதானே தவிப்பு!

இன்னொருவர் சொன்ன 'நீர்வற்றல்' மட்டும் வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால் சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது, கூடவே தண்ணீரும் போய்விடுகிறது. வற்றுவது உடம்பு. தவிப்பது நாம். வயதானவர்களுக்கு உடம்பு வற்றினாலும் தவிப்பு சரியாகத் தெரியாது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் ஆபத்து.

– நாகர்கோவிலிலிருந்து

*

தம்பி, வெறும் 'தவிப்பு' என்றால் மனத்தவிப்பு என்றும் எடுப்பார்கள். கைப்பிரதி சென்னைக்கும் போகுமே? பக்கத்திலேயே மிகுபசி, மிகுசிறுநீர் என்று வருகிறது. 'மிகுதாகம்' என்று போட்டால் மூன்றும் ஒன்றுபோல நிற்கும். எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும் 'தாகம்'தான். எத்தனையோ தலைமுறை நம் வாயில் புழங்கிய சொல்லை இனி எங்கே துரத்துவது?

– மார்த்தாண்டம்

*

இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. ஐந்து பேர் 'மிகுதாகம்' என்றார்கள், இரண்டு பேர் 'நீர்வேட்கை' என்றார்கள். 'மிகுதாகம் (அடிக்கடி தண்ணி தவிப்பது)' என்று போட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன்.

– நாகர்கோவில்

*

அனுப்பியது சரி. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். 'விடாய்' என்ற சொல்லை மாதத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோமே என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை. அடுத்த கைப்பிரதியில் மறுபடியும் கேட்பேன்.

– தக்கலை