திருச்சி–சென்னை பைக் ஓட்டத்துக்கு எந்த சீட் நல்லது?

காவிரிக்கரை:
மாசாமாசம் திருச்சியிலிருந்து சென்னை, கிட்டத்தட்ட 330 கி.மீ. வண்டி 350 சிசி. விக்கிரவாண்டி டோல் வர்றதுக்குள்ள பின்பக்கம் மரத்துப்போகுது. சீட் மேல போடற ஜெல் பேட் போதுமா, சீட்டையே மாத்தணுமா?

குஷன்கடை அண்ணன்:
தம்பி, சீட் தைக்கிறதுதான் என் பொழப்பு. கையால அமுக்கிப் பார்த்து மெத்துமெத்துன்னு இருக்கறதை வாங்கிடாதீங்க. கொஞ்ச தூரத்துலயே ஃபோம் அமுங்கி, உட்கார்ற எலும்பு ரெண்டும் அடித்தகட்டுல முட்டும். அடியில கெட்டி ஃபோம், மேல மெல்லிசா மெமரி ஃபோம் (உடம்பு வாகுக்கு அமுங்கிக் கொடுக்கற ஃபோம்) போடச் சொல்லுங்க. பின்னால அகலமா இருக்கட்டும். முன்னால சரிவு வச்சா டேங்க்ல போய் மோதிக்கிட்டே இருப்பீங்க, அப்புறம் என்னைத் திட்டுவீங்க. உயரம் ஏத்தறதுக்கு முன்னாடி கால் தரையில எட்டுதான்னு பார்த்துக்கோங்க.

ஊர்சுத்தி:
ஜெல் பேடை வெயில்ல விட்டா தோசைக்கல்தான். நான் காத்து குஷன் போடறேன். முழுசா ஊதக்கூடாது, எலும்பு சீட்டைத் தொடாத அளவுக்கு ஊதினா போதும். ஜீன்ஸ் தையலும் உறுத்தும். உள்ள சைக்கிள் ஷார்ட்ஸ் போடுங்க.

காவிரிக்கரை:
நன்றிண்ணே. இருக்கிற சீட்லயே ஃபோம் மாத்தலாமா?

குஷன்கடை அண்ணன்:
தாராளமா. தகடு உடையாம இருந்தா போதும். பழைய கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அளவுக்கு வேணும்.