சைக்கிளின் பின் சக்கரத்தில் ஸ்போக் (கம்பி) உடைந்த அனுபவம் உண்டா? இங்கே எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். என் வண்டியில் உடைந்ததெல்லாம் பின் சக்கரத்து இடப்பக்கக் கம்பிகள்தான், அதுவும் ஹப்பை (சக்கரத்தின் நடு உருளையை) ஒட்டிய வளைவில். சக்கரத்தின் கோட்டம் எடுத்துத் தந்தவர், "இன்னும் தடியான கம்பி போடுங்க" என்றார். போட்டும் பார்த்தோம், அதுவும் உடைந்தது.

பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட நேராக நின்று பலமாக இறுகியிருக்கும். இடப்பக்கத்தில் இறுக்கம் பல ஹப்புகளில் பாதியளவுதான். சக்கரம் உருளும்போது தரைப்பக்கம் வரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தளர்ந்து மறுபடி இறுகும். தடிக்கம்பி குறைவாகத்தான் நீளும். அதனால் சீக்கிரமே தொய்ந்துவிடும். அந்தத் தொய்வில்தான் வளைவு ஆடி ஆடி உலோகம் களைத்துப்போகிறது. முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இடை மெலிந்த கம்பிக்கு மாறினேன். வளைவிலும் மரையிலும் பருமன் அப்படியே இருக்கும், மெலிந்த நடுப்பகுதி கூடுதலாக நீண்டு இறுக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் எதுவும் உடையவில்லை. ஒன்று மட்டும்: நிப்பிளை, அதாவது ரிம்மில் கம்பியை இறுக்கும் சின்ன மரையை, திருப்பும்போது மெல்லிய கம்பியும் கூடவே முறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிப் பின்வாங்க வேண்டும்.

*

கம்பி சரி, ஹப்பையும் பாருங்கள். பழைய அலுமினிய ஹப் ஒன்றை எடுத்துப் புதுச் சக்கரம் கட்டினேன். துணியால் துடைத்ததும் ஃபிளேஞ்சில் (கம்பிகள் கோக்கும் துளைகள் உள்ள ஹப்பின் விளிம்புத் தகட்டில்) ஒவ்வொரு துளை ஓரத்திலும் பழைய கம்பி பதிந்த தடம் தெரிந்தது. அந்தத் தடத்திலேயே, அதே சாய்வில் பின்னினேன். திசை மாற்றினால் புதுத் தடம் பழையதை வெட்டும், விரிசல் அங்கேதான் பிறக்கும். ஆரப் பின்னல், அதாவது கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் நேராக ரிம்முக்குப் போவது, பார்க்க அழகு. ஆனால் ஃபிளேஞ்சின் ஓரத்தைப் பிய்க்கிற மாதிரி இழுக்கும், அதைத் தாங்கும்படி செய்யாத ஹப்பில் வேண்டாம்.

மெல்லிய இரும்பு ஃபிளேஞ்ச் என்றால் கம்பியின் தலைக்கடியில் சின்னப் பித்தளை வாஷர் போடுவேன். இல்லையென்றால் வளைவுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி நிற்கும். எந்த ஹப்பானாலும், வளைவு வெளியே தெரியும் கம்பிகள் முதலில் வில் மாதிரி விலகி நிற்கும். கட்டைவிரலால் ஃபிளேஞ்சோடு அழுத்திப் படிய வைத்துவிட்டுத்தான் இறுக்குவது. இறுக்கி முடித்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையில் பிடித்து நன்றாக நெரிப்பேன். வளைவில் தங்கிய அழுத்தம் அதில் விடுபடும். நெரிக்கும்போதே ரிம் கோணினால் இறுக்கம் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், எல்லா நிப்பிளையும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

*

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹப்புக்குள் இருக்கும் பால்ரஸ் (குண்டுகள்), அவற்றை அணைத்துப் பிடிக்கும் கோன், இவற்றின் வேலையைக் கம்பி பின்னும் முன்பே முடித்துவிடுவேன். வெறும் ஹப்பின் அச்சை விரலால் சுழற்றினாலே கரகரப்பு தெரிந்துவிடும். நெம்புகோல் பூட்டு உள்ள அச்சு, பூட்டியதும் துளி சுருங்கும். அதனால் கோனில் கொஞ்சம் ஆட்டம் விட்டு வைக்க வேண்டும். அந்த ஆட்டம் சரியாக மறைந்ததா என்பதை மட்டும் சக்கரத்தை வண்டியில் மாட்டிய பிறகு, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டித்தான் பார்க்க முடியும்.